உஷார்! பதினெட்டு நிரம்பும் நாளுக்காக வேறு சிலரும் காத்திருக்கிறார்கள்

சிறுவர் இல்லத்தில் வளரும் ஒரு பிள்ளைக்கு எந்த மாதம் பதினெட்டு வயது நிரம்புகிறது என்பதை இல்லத்துப் பதிவேடு சொல்லும். நன்னடத்தை அலுவலகத்துக் கோப்பும் சொல்லும். இவர்களோடு சேர்த்து அந்த மாதத்தைக் கணக்கு வைத்திருக்கக்கூடிய இன்னொருவரும் இருக்கிறார். அவர்தான் ஊரில் ஆள் பிடிக்கும் சப் ஏஜென்ட். புல்மோட்டை, குச்சவெளி, இறக்கக்கண்டி, நிலாவெளி என்று இந்தக் கரையோரத்தில் யாருடைய சொந்தப் பிள்ளையாவது, அக்கா மகனாவது, அயல்வீட்டு யத்தீம் பிள்ளையாவது திருகோணமலையிலோ வேறு மாவட்டத்திலோ ஓர் இல்லத்தில் இருந்தால், இது உங்களுக்குத்தான்.

ஏன் அந்த மாதம்? அதற்கு முதல் நாள்வரை அந்தப் பிள்ளையின் கையெழுத்துக்குப் பெறுமதி இல்லை. பாதுகாவலர் வேண்டும், நீதவானின் கட்டளை வேண்டும், நன்னடத்தை உத்தியோகத்தர் வந்து கேள்வி கேட்பார். மறுநாள் அவர் வளர்ந்த ஆள். கடன் பத்திரத்தில் ஒப்பமிடலாம், வங்கிக் கணக்கைத் தானே இயக்கலாம், தன் பெயரில் சிம் எடுக்கலாம். பெரும்பாலும் அதே வாரத்தில் அவருடைய கட்டிலும் போய்விடுகிறது. கையெழுத்துக்குப் பெறுமதி வரும் நாளும் தலைக்கு மேல் கூரை போகும் நாளும் ஒன்றாக அமைந்தால், ஏமாற்றுபவனுக்கு வேறென்ன வேண்டும்? வீட்டில் வளர்ந்த பிள்ளையிடம் ஒருவன் “கட்டாரில் வேலை இருக்கு தம்பி, பாஸ்போட்டைத் தா” என்றால், வாப்பா வெளியே வந்து “நீ யார், உன் ஏஜென்சி எது?” என்று கேட்பார். இல்லத்திலிருந்து வந்த பிள்ளைக்காக அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இல்லை. ஆபத்து தொடங்குவது இங்கேதான்.

இலங்கையில் இப்படி வளரும் பிள்ளைகள் ஒரு கைப்பிடி அல்ல. 2019 தேசியக் கணக்கெடுப்பின்போது நாடு முழுவதும் இருந்த இல்லங்களில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோருக்குத் தாயோ தந்தையோ, சிலருக்கு இருவருமோ உயிரோடு இருக்கிறார்கள். ‘அநாதை இல்லம்’ என்று நாம் சொல்லிக்கொண்டாலும் உள்ளே இருப்பவர்களில் அதிகம் பேர் வறுமையின் பிள்ளைகள். உம்மா சவூதிக்குப் போனார், வாப்பா வேறு கல்யாணம் முடித்தார், வீட்டுக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடம் இல்லை, பிள்ளைக்கு உடற்குறை. காரணங்கள் இப்படிப் போகும். அதனால் பதினெட்டில் இந்தப் பிள்ளைகள் எங்கோ தெரியாத உலகத்துக்குப் போவதில்லை. நம் ஊருக்கே, நம் தெருவுக்கே திரும்பி வருகிறார்கள். அவர்களைப் பத்து வருடம் காணாத ஊர் அவர்களை விருந்தாளியாகப் பார்க்கிறது. இரண்டு மாதம் கழித்துச் சுமையாகப் பார்க்கிறது.

புல்மோட்டைக்கு இதில் தனிக் கணக்கு உண்டு. 2004 டிசம்பர் 26 கடல் இந்தக் கரையை அடித்தது. இறுதிப் போரின்போது, 2009 மார்ச்சில் புதுமாத்தளனிலிருந்து செஞ்சிலுவைச் சங்கக் கப்பலில் ஏற்றப்பட்ட காயக்காரர்கள் கரையிறங்கியது புல்மோட்டையில்தான். இந்திய மருத்துவக் குழுவும் இங்கேதான் தற்காலிக வைத்தியசாலையை நடத்தியது. காயத்தோடு இறங்கியவர்களில் பிள்ளைகளும் இருந்தார்கள். கடல்கோளும் போரும் தாய் தகப்பனைப் பறித்த பிள்ளைகளில் பலர் வடக்கு கிழக்கின் இல்லங்களில் வளர்ந்தார்கள். இப்போது வருடத்தை எண்ணிப் பாருங்கள். கடல் அடித்த நாளில் கைக்குழந்தையாக இருந்த பிள்ளைக்குப் பதினெட்டு நிரம்பியது 2022இல். நாடு கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்த வருடம். எரிபொருள் வரிசை, மின்வெட்டு, பால்மாவுக்கு வரிசை. வீட்டில் வாப்பா இருந்த பிள்ளைக்கே வேலை கிடைக்காத அந்த வருடத்தில், வாப்பா இல்லாத பிள்ளைக்கு ‘இனி நீ வெளியே போகலாம்’ என்று சொல்லப்பட்டது. 2009இல் பிறந்த பிள்ளைகளுக்குப் பதினெட்டு நிரம்புவது 2027இல். 2025 நவம்பர் இறுதியில் அடித்த டித்வா புயலில் வீட்டையும் வருமானத்தையும் இழந்த குடும்பங்களில் எத்தனை ‘கொஞ்ச நாளைக்கு’ என்று பிள்ளையை இல்லத்தில் விட யோசிக்கின்றனவோ. கொஞ்ச நாள் பத்து வருடமாகிப் போன கதைகள் இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல.

இனி ஒவ்வொரு பொறியாகப் பார்ப்போம். முதலாவது வெளிநாட்டு வேலை. இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப் பத்திரம் உள்ள ஏஜென்சி மட்டுமே ஆள் அனுப்பலாம். பணியகத்தில் பதிந்துவிட்டுத்தான் ஒருவர் வேலைக்குப் புறப்பட வேண்டும். 1985ஆம் ஆண்டின் சட்டம் அது. ஊருக்குள் மோட்டார் சைக்கிளில் வந்து பாஸ்போட் கேட்பவரிடம் அப்படி எந்தப் பத்திரமும் இருக்காது. “முதலில் விசிட் விசாவில் போ, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்” என்ற வசனம் காதில் விழுந்த அந்த நிமிடமே பேச்சை நிறுத்துங்கள். விசிட் விசாவில் போனவருக்கு ஒப்பந்தம் இல்லை, காப்புறுதி இல்லை, சம்பளம் கிடைக்காவிட்டால் தூதரகத்தில் காட்டக் கடதாசியும் இல்லை. அண்மைய வருடங்களில் வந்திருக்கும் இன்னொரு வலை இதைவிடக் கொடியது. தாய்லாந்தில் கணினி வேலை, தரவு பதிகிற வேலை, சம்பளம் டொலரில் என்று ஆசை காட்டி, எல்லை கடத்தி மியன்மாரின் மியாவாடிப் பகுதிக்குக் கொண்டுபோய் அடைத்து, இணையத்தில் மற்றவர்களை ஏமாற்ற வைத்த கும்பல்களிடம் இலங்கை இளைஞர்களும் சிக்கினார்கள். அரசு பேசிப் பேசித்தான் மீட்க வேண்டியிருந்தது. கொஞ்சம் ஆங்கிலமும் கணினியும் தெரிந்த, ‘போய் மூன்று நாளாகிறது, இன்னும் ஃபோன் எடுக்கவில்லையே’ என்று பதறுவதற்கு ஆள் இல்லாத பிள்ளைதான் இவர்களுக்கு மிக வசதி. ஏஜென்சியின் பெயரையும் அனுமதி இலக்கத்தையும் 1989க்கு அழைத்துக் கேளுங்கள். பணியகத்தின் இலக்கம் அது.

பெண் பிள்ளை என்றால் வீட்டு வேலை. அந்த வேலைக்கு வெளிநாடு போக ஆகக் குறைந்த வயது இருபத்தொன்று. பதினெட்டு வயதுப் பிள்ளையை அனுப்ப முடியும் என்று எவராவது சொன்னால் அவர் வயதைத் திருத்திய கடதாசியைப் பற்றித்தான் பேசுகிறார். இல்லத்துப் பிள்ளையின் கடதாசியைத் திருத்துவது எளிது. பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் அனுமான வயதுச் சான்றிதழில் வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். உண்மையான திகதி எதுவென்று எழுந்து நின்று சொல்லச் சொந்தம் இல்லை.

இரண்டாவது பொறி உள்ளூரில், கண்ணுக்கு முன்னால். கரைவலைச் சம்மாட்டியிடம், மீன் வாடியில், கராஜில், கடையில், செங்கல் சூளையில் முற்பணம். ஐம்பதாயிரத்தைக் கையில் கொடுத்து “கழித்துக்கொள்ளலாம்” என்பார்கள். அந்தக் கணக்கு ஒருநாளும் கழிவதில்லை. சாப்பாடும் படுக்கையும் வாடியிலேயே என்றால் வெளியே போக இடமில்லாத பிள்ளைக்கு அது வேலை அல்ல, இன்னோர் இல்லம், இந்த முறை பதிவேடு இல்லாத இல்லம். எல்லா முதலாளியும் இப்படி என்று சொல்லவில்லை. தன் சொந்தப் பிள்ளையைப்போல் தொழில் பழக்கி, மூன்று வருடத்தில் சொந்தமாகக் கடை போட்டுக் கொடுத்தவர்களும் இந்த ஊரில் உண்டு. ஆனால் நல்ல முதலாளி கேள்விக்குப் பயப்படமாட்டார். ஆகவே கேளுங்கள். 2026 ஜனவரி முதல் தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபாய். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி நூற்றுக்கு 8, முதலாளி 12. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னும் 3. பதினாறு வயதுக்குக் கீழே எவரையும் வேலைக்கு வைக்கக்கூடாது என்று 2021இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆபத்தான தொழில்கள் என்று பட்டியலிடப்பட்டவற்றில் பதினெட்டுக்குக் கீழே கூடாது. பள்ளிக்கூடம் பதினாறுவரை கட்டாயம். ‘பாவம், இல்லத்துப் பிள்ளை, ஏதோ ஒரு வேலை பழகட்டும்’ என்று பதினைந்து வயதில் வாடிக்கு அனுப்புகிறவர் இரக்கப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டு சட்டத்தை மீறுகிறார்.

மூன்றாவது பொறிக்கு வேலையும் தேவையில்லை, விசாவும் தேவையில்லை. “உன் பெயரில் ஒரு பாங்க் கணக்குத் திற, கார்ட்டை என்னிடம் தா, மாதம் பத்தாயிரம் தருகிறேன்.” அந்தக் கணக்கு வழியாக யாரோ ஏமாற்றிய காசு ஓடும். போதைப்பொருள் காசும் ஓடலாம். பொலிஸ் தேடி வரும்போது கார்ட்டை வாங்கியவன் இருக்கமாட்டான். கணக்கில் இருப்பது பிள்ளையின் பெயர். சிம் அட்டையும் இப்படித்தான். பதினெட்டு வயதில் குற்றப் பத்திரிகை ஒன்று விழுந்தால் பொலிஸ் நற்சான்றிதழ் கேட்கும் எந்த வேலையும் அந்தப் பிள்ளைக்குப் பிறகு எளிதில் கிடைக்காது. இல்லத்துப் பிள்ளைக்கு ‘வங்கிக் கணக்கு என்றால் என்ன’ என்று எவரும் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்திருப்பதில்லை. சோப்பும் கொப்பியும் உடுப்பும் களஞ்சிய அறையிலிருந்து வந்த பிள்ளை அது. காசு என்பது எப்படி வரும், எப்படிப் போகும் என்று தெரியாமலே பதினெட்டுக்கு வந்துவிடுகிறது.

இதோடு சேர்த்து, நல்ல செய்தியாக வந்த ஒன்றையும் எச்சரிக்கையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 2025 பெப்ரவரியில் வந்த வரவு செலவுத் திட்டத்தில், இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளுக்கும் பாதுகாவலரிடம் வளரும் தாய் தந்தையற்ற பிள்ளைகளுக்கும் மாதம் 5,000 ரூபாய் உதவி அறிவிக்கப்பட்டது. அதில் ஒரு பகுதி பிள்ளையின் பெயரிலேயே சேமிப்பில் சேரவேண்டும். இல்லங்களில் வளர்ந்தவர்கள் சொந்த வீடு கட்டவும் உதவி வரும் என்றது அரசு. நல்லது, வெகு காலம் தாமதித்து வந்த நல்லது. ஆனால் கணக்குப் போடுங்கள். மாதம் 2,000 சேர்கிறது என்று வைத்தால் ஐந்து வருடத்தில் வட்டி இல்லாமலே 120,000 ரூபாய். பதினெட்டாவது பிறந்தநாளன்று அந்தப் பாஸ் புத்தகத்தைப் பிள்ளையின் கையில் கொடுப்பார்கள். பத்து வருடம் ஒரு பெருநாளுக்குக்கூட எட்டிப் பார்க்காத மாமா, சாச்சா அன்று வாசலில் நிற்பார். “கடை போடுவோம், உன் காசையும் போடு.” யத்தீம் சொத்தில் கை வைப்பது எவ்வளவு பெரிய பாவம் என்று நம் பள்ளிவாசல் மிம்பரில் சொல்லாத வருடம் இல்லை. சொல்லியும் அந்தக் கை நீளுகிறது. பாஸ் புத்தகம் யார் பெயரில், எந்த வங்கியில், எவ்வளவு இருக்கிறது என்பதைப் பிள்ளை பதினைந்து வயதிலேயே அறிந்திருக்கவேண்டும். பதினெட்டில் ‘அப்படி ஒன்று இருந்ததா?’ என்று கேட்கக்கூடாது.

படிப்பு எங்கே அறுகிறது என்பதையும் பார்க்கவேண்டும். வேலைப் பொறி எல்லாம் விரிவதே படிப்பு அறுந்த இடத்தில்தான். அது பெரும்பாலும் பிள்ளை மந்தமாக இருப்பதால் அறுவதில்லை. நாட்காட்டியால் அறுகிறது. ஏ.எல். பரீட்சைக்கு ஆறு மாதம் இருக்கும்போது பதினெட்டு நிரம்பும். ‘வயது வந்துவிட்டது’ என்று வெளியே அனுப்பினால் அந்தப் பிள்ளை எந்த வீட்டு மேசையில் இருந்து படிக்கும்? ஓ.எல். வருடத்தில் ‘குடும்பத்தோடு மீள இணைப்பு’ என்று ஊருக்கு அனுப்பப்படும் பிள்ளையின் கதையும் இதேதான். குடும்பத்தோடு சேர்ப்பது நல்ல கொள்கை. 2019இல் அமைச்சரவை ஏற்ற மாற்றுப் பராமரிப்புக்கான தேசியக் கொள்கையும் குடும்பத்தையே முதலில் வைக்கிறது. ஆனால் திருகோணமலை நகரப் பள்ளியிலிருந்து விடுகைப் பத்திரம் எடுக்காமல் புல்மோட்டைக்கு வந்த பிள்ளையை இங்குள்ள அதிபர் சேர்க்கத் தயங்குவார். பரீட்சை விண்ணப்பம் பழைய பள்ளியில் கிடக்கும். கடைசியில் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகப் போடு என்பார்கள். பாடம் சொல்லித்தர ஆளில்லாத தனிப்பட்ட பரீட்சார்த்தி.

பல்கலைக்கழகம்வரை போகக்கூடிய பிள்ளைக்கு இன்னொரு குழி இருக்கிறது. இதைப் பலர் யோசிப்பதில்லை. திருகோணமலை கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்றாகக் கணிக்கப்படுகிறது. இங்கே படித்தவருக்கு மாவட்ட ஒதுக்கீட்டில் வெட்டுப்புள்ளி வேறு. எந்த மாவட்டத்துப் பள்ளியில் எத்தனை வருடம் படித்தார் என்பதைப் பார்த்தே அந்த மாவட்டம் தீர்மானிக்கப்படும். இல்லம் இல்லமாக, மாவட்டம் மாவட்டமாக மாற்றப்பட்ட பிள்ளையின் பள்ளிப் பதிவுகளை யாராவது சேர்த்து வைத்திருக்கவேண்டும். இல்லாவிட்டால் கம்பஸ் கிடைத்திருக்க வேண்டிய புள்ளியோடு பிள்ளை வெளியே நிற்கும். மகாபொல புலமைப்பரிசில் விண்ணப்பம் பெற்றோரின் வருமானத்தைக் கேட்கும். பெற்றோரையே தெரியாத பிள்ளை அதில் என்ன எழுதுவது? இல்லத்தின் கடிதம், கிராம உத்தியோகத்தரின் உறுதி, பிரதேச செயலகத்தின் முத்திரை என்று ஓடவேண்டும். ஓடுவதற்கு ஒரு வளர்ந்தவர் வேண்டும். புல்மோட்டையிலிருந்து ஒரு கடதாசிக்காகத் திருகோணமலைக்குப் போய் வருவதென்றால் ஒரு நாள் போய்விடும், பஸ் காசு போய்விடும். பல பிள்ளைகளின் படிப்பு இந்தப் பஸ் காசில் முடிந்துபோகிறது என்று எழுதினால் மிகைப்படுத்தல் என்பீர்கள். மேல்வகுப்பு ஆசிரியர் எவரையும் கேட்டுப் பாருங்கள்.

ஓ.எல். தவறிய பிள்ளைக்கும் வழி மூடவில்லை. 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தில், சாதாரண தரத்தில் சித்தி இல்லாவிட்டாலும் உயர்தரத்தில் தொழிற்பிரிவில் சேரலாம். தொழிற்பயிற்சி அதிகாரசபை, கைத்தொழிற் பயிலுநர்களுக்கான நைட்டா, திருகோணமலைத் தொழில்நுட்பக் கல்லூரி என்று அரச வாசல்கள் இருக்கின்றன. கேட்கவேண்டிய ஒரே கேள்வி, முடிவில் கிடைப்பது தேசிய தொழில் தகைமைச் சான்றிதழா, அது எத்தனையாம் மட்டம் என்பதுதான். தனியார் ‘இன்ஸ்டிடியூட்’ என்றால் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். வண்ண விளம்பரம், மேலங்கி போட்ட பட்டமளிப்பு விழா, எண்பதாயிரம் கட்டணம். கடைசியில் எந்த ஹோட்டலும் மதிக்காத ஒரு கடதாசி. ஏற்கெனவே மேசன் வேலையோ மின்வயரிங்கோ படகு இயந்திரத் திருத்தமோ கைப்பழக்கத்தில் கற்ற பிள்ளை புதிதாகப் படிக்கவே தேவையில்லை. முன் அனுபவத்தைப் பரிசோதித்துத் தகைமை வழங்கும் முறை இருக்கிறது. அந்த ஒரு சான்றிதழ் நாள்கூலியை மாதச் சம்பளமாக மாற்றும்.

நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல் வேலையை எல்லோரும் பரிந்துரைக்கிறார்கள். நானும் செய்வேன், ஒரு ‘ஆனால்’ சேர்த்து. கிழக்குக் கரையில் உல்லாசப் பயணிகள் வருவது பெரும்பாலும் சித்திரை, வைகாசி தொடங்கிப் புரட்டாசிவரை. வாடைக்காற்று தொடங்கினால் பல இடங்களில் ஆளைக் குறைப்பார்கள். மற்றப் பையன்கள் உம்மா வீட்டுக்குப் போய்ச் சில மாதம் இருந்துவிட்டு வருவார்கள். இல்லத்திலிருந்து நேராக ஹோட்டலின் ஊழியர் அறைக்கு வந்த பிள்ளை ஐப்பசியில் எங்கே போகும்? வேலையும் படுக்கையும் ஒரே கயிற்றில் தொங்கினால், வேலை போகும் நாளில் இரண்டும் போகும். அந்த மாதங்களுக்கு ஓர் இடத்தை முன்கூட்டியே பேசி வைக்காமல் எந்தப் பிள்ளையையும் பருவகால வேலைக்கு அனுப்பாதீர்கள்.

புல்மோட்டைக்கே உரிய இன்னொரு ஆசை, கனிய மணல் தொழிற்சாலை. 1957இல் தொடங்கிய கூட்டுத்தாபனம், இப்போது லங்கா கனிய மணல் நிறுவனம். இல்மனைட், ரூட்டைல், சிர்க்கோன் என்று உலகம் விலை கொடுத்து வாங்கும் மணல் நம் காலடியில் கிடக்கிறது. அந்த வேலை நம் பிள்ளைக்குக் கிடைக்காதா என்ற ஏக்கம் எந்த வீட்டில் இல்லை? அந்த ஏக்கத்தைத்தான் விற்பார்கள். “உள்ளே ஆள் இருக்கு, இரண்டு லட்சம் தா.” அரச நிறுவனத்தில் ஆட்சேர்ப்பு என்பது பகிரங்க அறிவித்தல், விண்ணப்பம், நேர்முகம். இடையில் நின்று காசு வாங்குகிறவர் யாராக இருந்தாலும், எந்த அரசியல்வாதியின் படத்தைக் காட்டினாலும், அவர் விற்பது காற்று. இரண்டு லட்சம் எங்கிருந்து வரும் என்றால், மேலே சொன்ன அந்தப் பாஸ் புத்தகத்திலிருந்து.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இல்லத்தை விட்டு வெளியேறும் பெண் பிள்ளைக்கு ஊரிடம் இருக்கும் ஒரே திட்டம் கல்யாணம். ‘கட்டிக் கொடுத்துவிட்டால் பொறுப்பு முடிந்தது.’ விசாரிப்பதற்கு வாப்பா இல்லை, சண்டை வந்தால் திரும்பி வர வீடு இல்லை என்பது மாப்பிள்ளை வீட்டுக்கும் தெரியும். கையில் தொழில் இல்லாமல் அப்படிப் போகும் பிள்ளை அடி வாங்கினாலும் பேசாமல் இருக்கும். ஒரு வருடம், ஒரு தையல் தகைமையோ தாதி உதவியாளர் பயிற்சியோ முடிக்கும்வரை, காத்திருக்க மாப்பிள்ளைக்குப் பொறுமை இல்லை என்றால், அந்த மாப்பிள்ளை வேண்டாம். நான் இவ்வளவு கடுமையாகச் சொல்வதில் பெரியவர்கள் சிலருக்கு மனத்தாங்கல் வரலாம். வரட்டும்.

மற்ற நாடுகள் இந்தப் பதினெட்டை எப்படிக் கையாளுகின்றன? இந்தியாவில் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இல்லத்திலிருந்து வெளியேறியவருக்கு இருபத்தொரு வயதுவரை பின்பராமரிப்பு உண்டு என்கிறது. விதிவிலக்கான நிலையில் இருபத்துமூன்றுவரை. இங்கிலாந்தில் 2000ஆம் ஆண்டு அதற்கென்றே சட்டம் வந்தது. இப்போது அங்கே அப்படிப்பட்ட இளையோருக்கு இருபத்தைந்து வயதுவரை ஓர் ஆலோசகர், பெயர் குறிப்பிட்ட ஒரு மனிதர், உண்டு. ஐக்கிய நாடுகள் சபை 2009இல் ஏற்ற வழிகாட்டிகள், வெளியேறும் திட்டத்தை வெளியேறுவதற்கு வெகு முன்பே தொடங்கு என்கின்றன. நம்மிடம் 1939இன் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டமும் 1941இன் அநாதை இல்லங்கள் கட்டளைச் சட்டமும் இருக்கின்றன. 2019இன் கொள்கையும் இருக்கிறது. கொள்கையைக் காட்டி எந்த அலுவலக வாசலிலும் ‘என் உரிமை’ என்று கேட்க முடியாது. கிழக்கு மாகாணத்தின் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களம் இல்லங்களைப் பார்க்கிறது. அங்குள்ள உத்தியோகத்தர்களில் மனசாட்சியோடு அலைபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஒருவரின் கையில் எத்தனை கோப்புகள்! சட்டம் வரும்வரை காத்திருந்தால் 2009இல் பிறந்தவர்கள் காத்திருக்கமாட்டார்கள்.

ஆகவே செய்ய வேண்டியதைப் பதினைந்திலேயே தொடங்குங்கள். தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும் வயது அதுதான். பிறப்புச் சான்றிதழ் இல்லை என்றால் காலங்கடந்த பிறப்புப் பதிவை அப்போதே ஆரம்பிக்கவேண்டும். அது ஒரு வாரத்தில் முடியும் அலுவல் அல்ல. அடையாள அட்டை இல்லாமல் பரீட்சை மண்டபத்தில் சிக்கல், வங்கியில் சிக்கல், வேலையில் சிக்கல், வீதிச் சோதனையில் சிக்கல். அட்டையில் எந்த விலாசம் போடுவது என்ற கேள்வியும் வரும். இல்லத்து விலாசத்தைப் போட்டால் வெளியேறிய பிறகு கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்று எடுக்க முடியாமல் தவிப்பார்கள். சொந்தக்காரர் வீட்டு விலாசத்தைத் தர மறுப்பார், காணிக்கு உரிமை கேட்பான் என்ற பயத்தில். இந்த இடத்தில்தான் ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசவேண்டும். விலாசம் கொடுப்பது காணி எழுதிக் கொடுப்பதாகாது.

மூலக் கடதாசிகள் இல்லத்து அலுமாரியில் இருக்கட்டும், பிரதிகள் பிள்ளையிடம் இருக்கவேண்டும். பிறப்புச் சான்றிதழ், நீதிமன்றக் கட்டளை, தடுப்பூசி அட்டை, பள்ளி விடுகைப் பத்திரங்கள், பெறுபேற்றுத் தாள்கள். வெளியேறும் நாளில் மூலங்களைப் பிள்ளை கையெழுத்திட்டுப் பெற்றுக்கொள்ளவேண்டும். அதன்பின் எந்த முதலாளியும் எந்த ஏஜென்ட்டும் ‘பத்திரமாக வைத்திருக்கிறேன்’ என்று மூல அடையாள அட்டையைக் கேட்டால் கொடுக்கக்கூடாது. வேலைக்குப் போட்டோ பிரதி போதும். மூலத்தைப் பிடித்து வைத்திருப்பவன் ஆளையே பிடித்து வைத்திருக்கிறான்.

இல்லம் நடத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் எத்தனை பிள்ளைக்குச் சோறு போட்டீர்கள் என்பதை ஆண்டறிக்கையில் போடுகிறீர்கள். போன ஐந்து வருடத்தில் வெளியேறியவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்பதையும் போடுங்கள். கொழும்பிலும் லண்டனிலும் கனடாவிலும் இருந்து ஸகாத்தும் நன்கொடையும் அனுப்புபவர்களே, புதுக் கட்டடத்துக்குப் பெயர்ப்பலகை கேட்பதைக் கொஞ்சம் நிறுத்தி, அந்தப் பட்டியலைக் கேளுங்கள். பட்டியல் இல்லை என்று பதில் வந்தால் அந்த இல்லம் பிள்ளைகளை வளர்க்கிறதா, சேர்த்து வைத்திருக்கிறதா என்பது உங்களுக்கே விளங்கும். ஒரு பிள்ளையின் ஒரு வருடப் பயிற்சிக் காலத்துக்கு அறை வாடகையும் பஸ் காசும் சாப்பாடும் கொடுப்பது ஒரு மண்டபத்துக்கு மாபிள் பதிப்பதைவிட மலிவு.

புல்மோட்டைப் பள்ளிவாசல் நிர்வாகங்களும், தென்னமரவாடி, குச்சவெளிப் பக்கத்துக் கோயில், தேவாலய சபைகளும், பாடசாலை அதிபர்களும் குச்சவெளிப் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் போய், தங்கள் ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் இல்லங்களில் இருக்கிறார்கள், அடுத்த இரண்டு வருடத்தில் யார் வெளியேறுகிறார்கள் என்று கேட்கலாம். விவரத்தைத் தெருவில் பரப்புவதற்காகக் கேட்கக்கூடாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பொறுப்பான ஆளை நியமிப்பதற்காகக் கேளுங்கள். அந்த ஆளின் பின்னணியையும் உத்தியோகத்தரே சரிபார்க்கட்டும். ‘உதவுகிறேன்’ என்று தானே முந்திக்கொண்டு வருபவர்களிலும் பொறி விரிப்பவர் இருக்கலாம். பதினெட்டுக்குக் கீழே உள்ள பிள்ளை சட்டத்துக்கு மாறாக வேலைக்கு அனுப்பப்பட்டாலோ துன்புறுத்தப்பட்டாலோ 1929ஐ அழையுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம். வெளிநாட்டு வேலை என்றால் 1989. இரண்டையும் உங்கள் ஃபோனில் இப்போதே பதிந்துகொள்ளுங்கள். பிறகு உங்கள் குடும்பத்தில் இல்லத்தில் வளரும் பிள்ளைக்கு ஒரு அழைப்பு எடுத்து, அடையாள அட்டை வந்துவிட்டதா என்று கேளுங்கள்.